அணுக் கரண்டுக்குக் காத்திருந்தவன்

"மார்ச்சு முடியறதுக்குள்ள குடுத்தாதான் உண்டாம் தம்பி. ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடு" என்று குள்ளம்மாள் மறுபடியும் கேட்டாள்.

கருப்பண்ணன் தொட்டியில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். ஈரக் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

"நான் மாட்டேன்னு சொல்லலீங்க அண்ணி. கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"அணுக் கரண்டு வரட்டுங்க."

குள்ளம்மாள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது எந்த பஸ்ஸுல வருதாம்?"

வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி ராணியம்மாள் சிரிப்பது கேட்டது. கருப்பண்ணன் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாதையன் கொட்டாய் பாலக்கோட்டுக்கு வடக்கே இருந்தது. ஊர் என்று சொல்ல முடியாது. அவரவர் விளைநிலத்திலேயே வீடு கட்டிக்கொண்ட சில குடும்பங்கள்தான். அங்கே ஒரு கிணறு மூன்று பேருக்குப் பொது. ஒரு பங்கு கருப்பண்ணனுக்கு. ஒரு பங்கு அவனுடைய பெரியப்பா மகனுக்கு. அவர் இறந்துபோனதால் இப்போது அவர் மனைவி குள்ளம்மாளுக்கு. மூன்றாவது பங்கு, பாலக்கோட்டில் புளி மண்டி வைத்திருந்த காசிம் பாய்க்கு. இன்று ஒருவர் முறை என்றால் சூரியன் உதித்ததிலிருந்து மறுநாள் உதயம் வரை கிணறு அவருடையது. அவரவர் முறையில் அவரவர் எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். தாத்தாக்கள் காலத்தில் கிணற்று மேட்டில் கற்பூரம் ஏற்றி வைத்துப் பேசிய முறை அது. மழை பொய்த்த வருஷத்திலும் யாரும் அதை மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் எல்லா ஒப்பந்தமும் அப்படித்தான். நிலக் குத்தகையானாலும் குட்டியில் பங்கு பேசி ஆட்டை வாரத்துக்கு விடுவதானாலும், முதல் நாள் பேசிய பேச்சே கடைசி நாள் வரைக்கும்.

அந்தத் தை மாதம் குள்ளம்மாளின் எருதுகளில் ஒன்று சப்பை நோய் வந்து செத்துப்போனது. ஒற்றை எருதை வைத்துக்கொண்டு கவலை ஓட்ட முடியாது. ஒன்றரை ஏக்கரில் ராகி நட்டிருந்தாள். அது கருகினால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அரூரில் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டியதுதான். மருமகன் நல்லவன்தான். ஆனாலும் மருமகன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்குமா என்ற பயம் அவளுக்கு இருந்தது. அந்தச் சமயத்தில்தான், சிறு விவசாயிகள் மின்சார மோட்டார் போட்டால் கடனில் ஒரு பகுதியைச் சர்க்காரே ஏற்றுக்கொள்ளும் என்று பிளாக் ஆபீசில் அறிவித்தார்கள். பொதுக் கிணறு என்றால் பங்குதாரர் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். காசிம் பாய் போட்டுவிட்டார். கருப்பண்ணன்தான் பாக்கி.

அவன் கெட்டவன் அல்ல. முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டால் மறக்காமல் செய்து முடிப்பவன். அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு யோசனை.

சர்க்கார் விளம்பர வேன் ஒன்று பாலக்கோடு சந்தை மைதானத்தில் படம் காட்டியிருந்தது. திரையில் ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இந்தக் கையளவு உலோகம் வண்டி வண்டியாக நிலக்கரி எரிப்பதற்குச் சமம் என்றார்கள். கல்பாக்கத்தில் கடலோரம் அணு மின்சார நிலையம் எழும்புவதைக் காட்டினார்கள். விலையைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கருப்பண்ணன் அதைத் தானே பேசிக்கொண்டான். அவன் வாடகைக்கு மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுகிறவன். ஒரு சரக்கின் விலையில் பாதி வண்டி வாடகை என்பது அவனுக்குத் தெரியும். மடியில் முடிந்துகொண்டு போகிற சரக்குக்கு வாடகை ஏது? ஆகவே அந்தக் கரண்டு சும்மா கிடைக்கிற மாதிரிதான்.

இப்போது கரண்டு விலை ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் கோயமுத்தூர்ப் பக்கம் விவசாயிகள் மாட்டு வண்டிகளை ரோட்டில் நிறுத்தி மறியல் செய்தது எல்லாருக்கும் தெரியும். ஏறிய விலைக்கு இன்று கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அந்த விலைதானே? அணுக் கரண்டு வந்த பிறகு போட்டால் அந்த மலிவு விலை ஆயுசுக்கும் நிற்கும். அண்ணிக்கும் சேர்த்தே நல்லது செய்கிறோம் என்று அவன் உறுதியாக நம்பினான். அவன் சொன்னதில் எங்கே பிசகு என்று கொட்டாயில் யாருக்கும் பிடிபடவில்லை. பேச்சு மாறாது என்றே எல்லாரும் வாழ்ந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காசிம் பாய் சைக்கிளில் வந்தார். மூவரும் கிணற்று மேட்டில் நின்றார்கள்.

"கவுண்டரே, கையளவு சரக்குன்னு சொன்னீங்க. ஒத்துக்கறேன். அதை எரிக்கிற அடுப்பு என்ன வெலைன்னு படத்துல சொன்னாங்களா?" என்றார் பாய்.

"அடுப்பு ஒரு தரம் கட்டறதுதானே பாய்?"

"தாஜ்மகாலும் ஒரு தரம் கட்டினதுதான்."

குள்ளம்மாள் குறுக்கே புகுந்தாள். "உங்க ரெண்டு பேரு அடுப்பும் இருக்கட்டும். என் பயிரு காயுது."

"அண்ணி, எனக்கு ஒரு சந்தேகங்க. இப்பவே நமக்கு அடக்க வெலைக்குக் கீழதான் கரண்டு குடுக்கறாங்களாம். மோட்டார்க் கடன்லயும் ஒரு பங்கத் தள்ளிக் குடுக்கறாங்க. இவ்வளவு நட்டத்துக்கு ஒருத்தன் எதுக்குக் குடுக்கணும்? அந்த நட்டம் யாரு தலையில வுழுவுது? பாய், நீங்க யாவாரி, சொல்லுங்க."

காசிம் பாய் தாடியைத் தடவினார். "நான் நட்டத்துக்கு வித்தா அடுத்த வாரம் வேற சரக்குல வாங்கிடுவேன். கவர்மெண்டு எதுல வாங்குதுன்னு எனக்குப் புரியல."

"உங்களுக்கே புரியலியா!"

"புரியாமத்தான் கையெழுத்துப் போட்டேன். பயிரு காயறது புரிஞ்சுது, போட்டேன்."

அந்தப் பதில் கருப்பண்ணனுக்குப் போதவில்லை. புரியாததில் கை வைக்கக் கூடாது என்று அவனுடைய அப்பா சொல்லியிருந்தார். யாரிடமாவது கேட்டுத் தெளிந்து விடுவது என்று முடிவு செய்து, செவ்வாய்க்கிழமை பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போனான்.

மின்சார ஆபீசில் கூட்டம் அதிகம். இருதயராஜ் என்ற இளம் இன்ஜினியர் அவனை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டதற்கு வருத்தப்பட்டார். பக்கத்து அறையிலிருந்து தானே ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். கருப்பண்ணன் அதன் நுனியில் உட்கார்ந்தான்.

"அணுக் கரண்டு எப்பங்க வரும்?"

"கல்பாக்கத்துல கட்டிக்கிட்டிருக்காங்க. சீக்கிரம்னு சொன்னாங்க. இப்பச் சில வருஷம் ஆகும்ங்கறாங்க."

"வந்தா என்ன வெலைங்க?"

இருதயராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "இந்தக் கேள்விய இதுவரைக்கும் யாரும் என்கிட்டக் கேட்டதில்ல. கரண்டுக் கம்பம் எப்ப வரும்னுதான் கேப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "எரிபொருளு கொஞ்சந்தான் செலவாகும், அது நிசம். கட்டறதுக்குத்தான் மலை மாதிரி பணம். கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பணத்துக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு யூனிட் கரண்டு வராமலே வட்டி ஓடும். அப்புறம் ஆராய்ச்சிச் செலவு. கனநீர்னு ஒரு தண்ணி வேணும், அதுக்குத் தனி தொழிற்சாலை."

"தண்ணியிலயே கனமான தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குது. அதையும் டில்லி சர்க்கார்தான் பாத்துக்குது."

"அப்ப மலிவா, வெலை ஜாஸ்திங்களா?"

"டில்லி ஏத்துக்கிட்டத விட்டுட்டுக் கணக்குப் போட்டா மலிவு. அதையும் சேத்தா…" அவர் உண்மையாகவே தடுமாறினார். "எங்க காலேஜுல ஒரு வாத்தியார் மலிவுன்னு பாடம் நடத்தினாரு. இன்னொருத்தர் மலிவே இல்லன்னாரு. நான் ரெண்டு பேருகிட்டயும் பாஸ் பண்ணிட்டேன்."

"சரிங்க, எப்படியோ போவட்டும். கையெழுத்துப் போட்ட அன்னிக்கி வெலைதானுங்களே கடைசி வரைக்கும்?"

"யாரு சொன்னா? வெலைய மாத்தினா எல்லாருக்கும் ஒரே நாள்ல மாறும். இது அணுவுல வந்தது, இது மேட்டூர்த் தண்ணியில வந்ததுன்னு கம்பிக்குத் தெரியாது. எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வரும்."

கருப்பண்ணன் நாற்காலியின் நுனியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் காத்திருந்ததற்கான காரணம் நாற்காலியோடு நழுவுவது போல் இருந்தது. "பேசின பேச்சு மாறுமுங்களா?"

"சர்க்கார் பேச்சுங்க. மாறும்."

"நட்டத்துக்குக் குடுக்கறீங்களே, அது யாருது?"

"மில்லுக்காரங்க கொஞ்சம் ஜாஸ்தி கட்டறாங்க. மிச்சம் வரிப்பணம்."

"வரி யாரு கட்டறாங்க?"

"எல்லாரும். தீப்பெட்டி வாங்கினாக்கூட அதுல வரி இருக்குது."

"நானும் தீப்பெட்டி வாங்கறேனுங்களே. அப்ப என் காசுலயே எனக்கு மலிவா?"

"கொஞ்சம் உங்க காசு. கொஞ்சம், கிணறே இல்லாம தீப்பெட்டி மட்டும் வாங்கறவங்க காசு." சொல்லிவிட்டு இருதயராஜ் தானே திடுக்கிட்டவர் போல் சன்னல் பக்கம் பார்த்தார். "இதுக்கு மேல எனக்குத் தெரியலீங்க, பெரியவரே. ஆனா பயிரு வெளைஞ்சா அவங்களுக்கும் தானியம் கிடைக்கும்னு ஒரு நியாயம் சொல்றாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கருப்பண்ணனின் குழப்பம் குறையவில்லை. ஒன்று போய் வேறொன்று வந்திருந்தது. காத்திருந்து பயனில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கிணறில்லாதவர்கள்? முன் இருக்கையில் ஒரு கிழவி தலைச்சுமையை மடியில் வைத்துக்கொண்டு உறங்கினாள். இவளும் தீப்பெட்டி வாங்குவாள். இவள் காசில் நம் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தால் அது பாவத்தில் சேருமா? அவளிடம் கேட்டுக்கொண்டு யாரும் வாங்கவில்லை. அவளுக்குக் கொடுத்தது தெரியாது, நமக்கு வாங்கியது தெரியாது. தெரியாமல் கொடுப்பது தருமமா? மனிதன் இப்படிக் குழம்புவது நல்லதுதான். தனக்குக் கிடைப்பது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசிப்பவனை இறைவன் கைவிடுவதில்லை. ஆனால் அன்று அது கருப்பண்ணனுக்கு ஆறுதலாக இல்லை. தலைதான் வலித்தது.

கொட்டாய்க்குள் நுழையும்போதே கவலை இறைக்கும் சத்தம் கேட்டது. அன்று குள்ளம்மாளின் முறை. அவளிடம் ஒற்றை எருதுதானே என்று எட்டிப் பார்த்தான். பக்கத்துக் கொட்டாயைச் சேர்ந்த சென்றாயனின் எருதுகள் தண்ணீர்ச் சாலை இழுத்துக்கொண்டிருந்தன. சென்றாயன் மாடுகளை வாடகைக்கு விடுகிறவன். குள்ளம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடை திருப்பினாள். முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"வாடகை எங்கிருந்துங்க அண்ணி?"

"வாடகையா? நான் எதுக்குக் குடுக்கறேன்? மாடு செத்தவங்களுக்குக் கவர்மெண்டே மாடு அனுப்புதாம். புதுத் திட்டமாம். உனக்குத் தெரியாதா? ஊருக்கு முன்னாடி எல்லாத்தையும் கேட்டு வெச்சிருப்பியே."

"யாருங்க சொன்னாங்க?"

"பாய்தான் ஆபீசுக்கு எழுதிப்போட்டாராம். சென்றாயனும் அதத்தான் சொன்னான்."

கருப்பண்ணன் யோசித்தான். அப்படி ஒரு திட்டம் இருக்கவும் கூடும். கனமான தண்ணீரே இருக்கும்போது இது ஏன் இருக்கக் கூடாது?

மறுநாள் புளி பாரம் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனான். காசிம் பாய் கொட்டை எடுத்த புளியை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், மாடு செத்தவங்களுக்கு மாடு அனுப்பற திட்டம் எந்த ஆபீசுல?"

பாய் கடைக்குள் அங்குமிங்கும் பார்த்தார். "சத்தம் போடாதீங்க கவுண்டரே. உள்ள வாங்க."

மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தி மெல்லச் சொன்னார்: "திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாடகை நான் குடுக்கறேன். குள்ளம்மாள்கிட்ட உளறிடாதீங்க."

"பொய்யா சொன்னீங்க! நீங்களா?"

"என்ன பண்றது? நான் குடுக்கறேன்னா அந்தம்மா வாங்குமா? பட்டினியாக் கெடந்தாலும் கை நீட்டாது. கவர்மெண்டுன்னு சொன்னா வாங்கிக்குது. கவர்மெண்டு குடுத்தா யாரைப் பாத்தும் தலை குனிய வேண்டாம் பாருங்க." அவர் முகம் வாடியிருந்தது. "பொய்தான். தொழுகையில சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். சரியா தப்பான்னு எனக்கும் தெரியல."

"எத்தன நாளைக்குக் குடுப்பீங்க?"

"ராகி அறுக்கற வரைக்கும். இல்லாட்டி மோட்டார் வர்ற வரைக்கும். மோட்டார் எப்ப வரும்னு உங்களத்தான் கேக்கணும்."

அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கருப்பண்ணன் அங்கேயே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். தர்மபுரி வரை போய்க் கேட்டதில் விடை தெரியாத கேள்விக்கு ஒரு மூலையில் மட்டும் விடை தெரிந்தது. டில்லி சர்க்காரின் நட்டம் யார் தலையில் விழுகிறதோ தெரியாது; அவன் காத்திருந்த நாட்களின் நட்டம் இந்த மனிதரின் மடியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இவரிடமும் யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இவருக்குக் கொடுப்பது தெரியும். தெரிந்தே கொடுக்கிறார், வாங்குகிறவளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று பயப்படுகிறார்.

"பேனா இருக்குதுங்களா பாய்?"

"காகிதம் குள்ளம்மாள்கிட்ட இருக்குதே."

"அப்படின்னா நான் போறேன்" என்று எழுந்தவன், மூட்டைகளை இறக்காமலேயே வண்டியைத் திருப்பப் போனான். பாய் ஓடி வந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். "என் புளிய எங்கய்யா கொண்டு போறீங்க!"

அன்று பொழுது சாய்வதற்குள் கருப்பண்ணன் கையெழுத்துப் போட்டான். மறுநாளே பிளாக் ஆபீசில் காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். கம்பம் நடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், முன்னால் நிறைய பேர் பதிந்திருக்கிறார்கள் என்றார்கள். குள்ளம்மாள் காரணம் எதுவும் கேட்கவில்லை. "அணுக் கரண்டு வந்துட்டுதா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லீங்க, அண்ணி. அது வேற குழப்பம்" என்றான் அவன்.

அவளுடைய அடுத்த முறை வந்தது. விடிந்ததும் கருப்பண்ணன் தன் எருதுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கவலையில் பூட்டினான். சென்றாயனிடமும் பாயிடமும் முன்கூட்டியே பேசியிருந்தான். அன்றைக்கு வண்டி ஓட்டினால் கிடைக்கும் வாடகை போகும். ராணியம்மாள் அதற்கு முணுமுணுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ எருதுகள் திரும்பி வந்து தின்னக் கொழுக்கட்டைப் புல்லை அறுத்துக் கட்டி வைத்திருந்தாள்.

குள்ளம்மாள் மண்வெட்டியோடு வந்து பார்த்தாள். எருதுகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இது உன் மாடு இல்ல?"

"கவர்மெண்டுதாங்க அண்ணி. சென்றாயன் மாடு வேற வேலையாப் போயிடுச்சாம். அதனால என் மாட்டப் பூட்டச் சொல்லி உத்தரவு."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன். வடத்தைச் சரி செய்வது போல் குனிந்துகொண்டான்.

"யாரு உத்தரவு போட்டாங்க?"

"பாய்தான்… இல்லீங்க, பிளாக் ஆபீசுல."

"எழுத்துலயா?"

"வாயாலதான் சொன்னாங்க."

குள்ளம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். எருதின் திமிலில் கை வைத்தாள். அவள் எதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள், எதையெல்லாம் தெரியாதது போல் விட்டுவிட்டாள் என்று கருப்பண்ணனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபப்படுவாளோ, மாட்டை அவிழ்க்கச் சொல்வாளோ என்று பயந்தான்.

"கவர்மெண்டு மாட்டுக்குத் தீனி யாரு போடறது? அதுக்கு ஒண்ணும் உத்தரவு வரலியா?"

"வரலீங்க."

"நெனச்சேன்." அவள் தன் கொட்டகைக்குப் போய் ஒரு கட்டுச் சோளத்தட்டைத் தூக்கி வந்து கிணற்று மேட்டில் போட்டாள். இரண்டு எருதுகளுக்கென்று வருஷத்துக்குச் சேர்த்து வைத்தது அது. "என் மாடு ஒத்தையா எம்மாந் தின்னுடும்? இத, மாடு மேட்டுக்கு வர்றப்பல்லாம் நிறுத்தி நிறுத்திப் போடு. வெறும் வவுத்தோட ஓட்டாத."

கட்டை அவிழ்த்துவிட்டு வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

கருப்பண்ணன் எருதுகளை முடுக்கினான். அவை சரிவில் இறங்க, சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டியது. எது அடக்க விலை, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது இப்போதும் அவனுக்குப் புரியவில்லை. புரியும் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் குறைந்திருந்தது. அந்த யோசனையில் எருதுகளைக் கொஞ்சம் வேகமாகவே விரட்டிவிட்டான் போலிருக்கிறது.

கீழே ராகிக்கு நடுவிலிருந்து குள்ளம்மாளின் குரல் வந்தது:

"ஓய் கவர்மெண்டு! மெதுவா ஓட்டு! வரப்பு ஒடையுது!"